கிக்-ஆஃப் விதியைப் பெரியவர்கள் முதலில் படிக்கட்டும்

நடுப்புள்ளியில் பந்தை வைத்ததும் ‘முன்னால அடி, பின்னால அடிச்சா ஃபவுல்’ என்று சிறுவர்களுக்கு மைதானத்துக்கு வெளியே இருந்து குரல் கொடுக்கும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இன்னும் இருக்கிறார்கள். அந்த விதி 2016-லேயே போய்விட்டது. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான இஃபாப், கிக்-ஆஃபில் பந்தை எந்தத் திசையிலும் அடிக்கலாம் என்று எட்டாம் விதியை அந்த ஆண்டு மாற்றியது. முன்பு ஒருவர் பந்தை லேசாக முன்னே தட்டிவிட, பக்கத்தில் நிற்பவர் அதைப் பின்வரிசைக்கு அனுப்புவார். இப்போது ஒரே ஆள் நின்று நேராகப் பின்னால் பாஸ் கொடுக்கலாம். 2019-ல் டாஸும் மாறியது. அதுவரை டாஸில் ஜெயித்த அணி பக்கத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தது. இப்போது பக்கமா, கிக்-ஆஃபா என்று அதுவே முடிவு செய்யலாம். பழைய விதியில் ஆடி வளர்ந்தவர்கள் அதையே சொல்லிக்கொடுப்பது இயல்புதான். ஆனால், நிதானமாகப் பின்னால் பாஸ் கொடுத்த எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து நாலு பெரியவர்கள் கத்தினால், தான் செய்தது தப்பு என்றே அந்தப் பிள்ளை நம்பும். அடுத்த முறை யாரையும் பார்க்காமல் பந்தை முன்னே உதைத்துவிடும்.

விதியைச் சொல்லிக்கொடுக்க கிக்-ஆஃபைவிட நல்ல தருணம் ஆட்டத்தில் இல்லை. பந்து அசையாமல் இருக்கிறது. எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். பேச அவகாசம் உண்டு. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் குழந்தைக்குப் புரிகிற காரணமும் உண்டு. எதிரணியினர் 9.15 மீட்டர் தள்ளி நிற்பது, முதல் பாஸ் நிம்மதியாகப் போவதற்காக. பந்து கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு. ஷூவின் அடிப்பாகத்தால் பந்தின் மேல் ஒரு மிதி மிதித்துவிட்டு ‘எடுத்தாச்சு’ என்று சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இன்னொரு இடத்தில். பந்தைத் தட்டியவர், வேறு யாராவது அதைத் தொடும்வரை மறுபடி தொடக் கூடாது. ஆறு வயதுக் குழந்தையோ தட்டிய கையோடு பந்தின் பின்னாலேயே ஓடி, தானே உருட்டிக்கொண்டு போகும். விதிப்படி எதிரணிக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக். காரணம் தெரியாத குழந்தைக்கு அந்த விசில் ஒரு திட்டு மட்டுமே. ‘முதல்ல கூட இருக்கிறவனுக்குக் கொடு, அப்புறம் நீ வாங்கிக்கோ’ என்று ஒரு வரி சொன்னால், கால்பந்து கூட்டாக ஆடுகிற ஆட்டம் என்பதே அதற்குள் வந்துவிடுகிறது. அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு மிகச் சிறியவர்களுக்கு வகுத்த விதிகள், மீறல் எதுவானாலும் அதைச் செய்த குழந்தைக்குச் சுருக்கமாக விளக்க வேண்டும் என்றே சொல்கின்றன. நம் பள்ளி ஆட்டங்களிலும் இதையே வழக்கமாக்க வேண்டும்.

‘விளையாட வந்த குழந்தைக்கு எதற்குப் பாடம்?’ என்று சிலர் கேட்பார்கள். நீண்ட பிரசங்கம் செய்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு வாக்கியத்தால் எந்த ஆட்டமும் கெட்டுப்போவதில்லை. ஏன் ஊதினார்கள் என்றே தெரியாமல் பந்தைப் பறிகொடுப்பதுதான் குழந்தையின் உற்சாகத்தைக் கெடுக்கும்.

பெரியவர்களின் விதியை அப்படியே ஆடவைத்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்பது இன்னொரு வாதம். கிக்-ஆஃபிலிருந்து நேராக அடிக்கும் கோலை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களின் ஆட்டத்தில் அது செல்லும். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் மினி சாக்கரில் செல்லாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் அணிக்கு ஐந்து பேராக ஆடும் அந்த மைதானத்தின் நீளம் 40 கஜம்தான். அதாவது நடுப்புள்ளியிலிருந்து கோல் வெறும் 20 கஜம். கால் வலுவுள்ள ஒரே ஒரு பையன் இருந்தால் போதும், ஒவ்வொரு கிக்-ஆஃபும் ஒரு ஷாட்டாகிவிடும். மற்ற நான்கு பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எதிரணி தள்ளி நிற்கும் தூரத்தையும் அங்கே 5 கஜமாகக் குறைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்காகப் பந்தையும் மைதானத்தையும் சிறிதாக்குவதை யாரும் குறை சொல்வதில்லை. விதியை மட்டும் ஏன் பெரியவர்களின் அளவிலேயே வைத்திருக்க வேண்டும்? வளர்ந்த பிறகு குழம்புவார்கள் என்ற பயத்துக்கும் இடமில்லை. காரணம் தெரிந்து பழகிய பிள்ளைக்கு, பெரிய மைதானத்துக்குப் போகும்போது என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று தானே விளங்கும்.

எட்டாம் விதி நீளமானதல்ல. இஃபாப் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் அடுத்த ஆட்டத்துக்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் போட்டிக்கென்று தனி விதி இருந்தால், விசில் ஊதுவதற்கு முன்பே இரண்டு அணிப் பிள்ளைகளையும் நடுவட்டத்துக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஓரத்தில் நிற்கும் பெற்றோருக்கும் கேட்கும்படி.