குதிக்கிறது அப்புறம், முதல்ல நிக்கட்டும்

அந்த மாதிரி ரீல் உங்களுக்கும் வந்திருக்கும். பச்சைப் புல்தரை, ஒரு பார்டர் காலி நாய், வரிசையா தடைகள். கட்டையைத் தாண்டுது, குழாய்க்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வருது, நட்டுவெச்ச கம்புகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. நாற்பது செகண்ட்ல எல்லாம் முடிஞ்சிடுது. இதுக்குப் பேருதான் அஜிலிட்டி. நானும் பார்த்தேன். பார்த்த சூட்டோட மொட்டை மாடிக்குப் போய், ரெண்டு பெயின்ட் டப்பா மேல ஒரு பிவிசி பைப்பை வெச்சு, அஞ்சு மாசக் குட்டியைத் தாண்ட வெச்சேன். ஒரே வாரத்துல பைப் அதோட முதுகு உயரத்துக்குப் போயிடுச்சு. அடுத்த வாரம் நண்டு முன்னங்கால் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு நொண்ட ஆரம்பிச்சுது.

நண்டு எங்க வீட்டு நாய். ஜாதி நாய் கிடையாது. காசிமேட்டுல ஐஸ் பெட்டிகளுக்கு நடுவுல கிடைச்ச குட்டி. சின்னதுல பக்கவாட்டுல நடக்கும், அதனால அந்தப் பேரு. டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துட்டு, "இதுக்கு என்ன வயசு, நீ என்ன பண்ண வெச்சே?"ன்னு கேட்டார். சொன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசினதை இங்க எழுத முடியாது.

விஷயம் இதுதான். வளர்ற நாயோட கால் எலும்பு முனையில வளர்ச்சித் தட்டுன்னு குருத்தெலும்பு இருக்கும். எலும்பு நீளமாகறது அங்கதான். அது முழுசா எலும்பா மாறி மூட, உருவத்தைப் பொறுத்து ஒன்பது மாசமும் ஆகலாம், ஒன்றரை வருஷமும் ஆகலாம். அதுக்கு முன்னாடி திரும்பத் திரும்பக் குதிச்சு இறங்கினா, அந்த அடி முழுக்க அந்த மெத்துன்னு இருக்கற இடத்துல விழும். கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிச்சா என்ன ஆகும்னு சிவில் பசங்களுக்குத் தெரியும். நான் மெக்கானிக்கல், எனக்கு நொண்டின பிறகுதான் தெரிஞ்சுது.

இந்த விளையாட்டு ஆரம்பிச்சதே 1978ல. லண்டன்ல நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில, ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல கூட்டத்தை உட்கார வைக்க, குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து உருவாக்கினாங்க. இன்னிக்கு பிரிட்டன் கென்னல் கிளப் போட்டிகள்ல 18 மாசம் நிரம்பாத நாய் களத்துல இறங்க முடியாது. அமெரிக்கன் கென்னல் கிளப்புல 15 மாசம். கண்டுபிடிச்ச ஊர்லயே காத்திருக்காங்க. நமக்கு மட்டும் அஞ்சாவது மாசத்துல வீடியோ வேணும்.

சரி, அந்த ஒன்றரை வருஷம் சும்மா இருக்கறதா? இல்லை. அஜிலிட்டியில முக்கால்வாசி வேலை அப்போதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அதுக்கு புல்தரை தேவையில்லை. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் இருக்கற நம்ம ஏரியாவே போதும்.

முதல்ல காது. எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிங்க வரிசைகட்டி நின்னு ஏர் பிரேக் விடற சத்தம் உங்களுக்குப் பழகிடுச்சு, குட்டிக்கு அது இடி. ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965ல வந்த புத்தகத்துல காட்டினது இது: மூணாவது வாரத்துலேர்ந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும்தான் நாய்க்குட்டி உலகத்தை பயமில்லாம ஏத்துக்கிற காலம். இங்கதான் ஒரு சிக்கல். அதே வயசுலதான் பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொல்லுது. தடுப்பூசி முதல் டோஸ் ஆறேழு வாரத்துல ஆரம்பிச்சு, பூஸ்டர் எல்லாம் முடிய நாலு மாசம் ஆகும். ரேபிஸ் ஊசியே மூணு மாசத்துலதான். அதுவரைக்கும் தரையில விடக்கூடாது, வெளியவும் காட்டணும். அப்போ என்ன பண்றது? தூக்கிக்கிட்டுப் போகணும். நான் ஒரு காய்கறிப் பையில போட்டுக்கிட்டுப் போனேன். ரோட்டுக்கு நூறடி தள்ளி நின்னு, ஹாரன் அடிச்ச உடனே ஒரு துண்டு வேகவெச்ச மத்தி. நாளுக்கு நாள் பத்தடி கிட்ட. குட்டி பயந்தா நான் பின்னாடி வந்துடுவேன், கிட்ட இழுக்க மாட்டேன். இந்த ஒரு வேலையை மட்டும் நான் உருப்படியா செஞ்சேன். "குழந்தையைக்கூட இப்படித் தூக்கிட்டுத் திரியமாட்டாங்கடா"ன்னு மீன் கூடை ஆயா சிரிச்சுது. சிரிச்சுட்டு மத்தித் தலையும் குடுத்துச்சு.

அடுத்தது கால். தடைப் பந்தயத்துல ஆடற பலகை, சரிவான ஏற்றம், குறுகலான நடைபாதை எல்லாம் வரும். அதுல நாய் தடுமாற முக்கியக் காரணம் பலம் இல்லாதது இல்லை, காலுக்குக் கீழ ஏதோ அசையுதுங்கற பயம். அதனால தரையோட தரையா ஒரு பிளைவுட், அடியில ஒரு பழைய துணி மூட்டை. பலகை லேசா ஆடும். அது மேல நிக்கறதுதான் பயிற்சி. மடிச்ச வலை, மூடின கால்வாய்ப் பலகை, ஈர மணல் எல்லாம் நடக்கட்டும். ஏணியைத் தரையில படுக்க வெச்சு ஒவ்வொரு கட்டமா மெதுவா நடக்க வெச்சா, தனக்குப் பின்னங்கால்னு ரெண்டு இருக்குன்னு அதுக்கே அப்போதான் தெரியுது!

கடற்கரை மணல் நல்லது, ஆனா திருவொற்றியூர் பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கற பாறைகள் மேல குட்டியை ஏத்தாதீங்க. இடுக்குல கால் மாட்டும். மணல்ல தூண்டில் முள்ளும் பாட்டில் கண்ணாடியும் இருக்கும், முதல்ல நீங்க ஒரு நடை நடந்து பாருங்க. வெயில் ஏறின தார் ரோட்டுல உங்க புறங்கையை அஞ்சு செகண்ட் வைக்க முடியலைன்னா நாயும் நடக்க முடியாது. எங்களுக்கு நேரம் காலை அஞ்சரை.

கடைசியா, கூப்பிட்டா வரணும். இதை நான் விளையாட்டா சொல்லலை. 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் டெல்லி தெரு நாய்களைப் பிடிச்சு காப்பகத்துல அடைக்கச் சொல்லி, அப்புறம் அதே மாசம் அதை மாத்தினதுலேர்ந்து நம்ம தெருவுலயும் அதே பேச்சு. நாய் கடிச்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில ஊசிக்கு நிக்கறவங்களோட கோபம் நியாயம்தான். அதை நாய் வளர்க்கறவங்க ஒத்துக்கணும். அந்த இடத்துல, பைக் பின்னாடி ஓடாத, ஒரு விசிலுக்குத் திரும்பி வர்ற நாட்டு நாய் ஒண்ணு நடந்து போனா, அது பத்து வாதத்தை விட அதிகம் பேசும். எங்க எதிர் வீட்டு அக்காவுக்கு நாய்னாலே ஆகாது. இப்போ நண்டு அவங்க வாசல்ல நான் சொன்னா உட்காருது. அவங்க இன்னும் சிரிக்கலை, ஆனா துடைப்பத்தைக் கீழ வெச்சிட்டாங்க.

"இதுக்கு மாலினாய்ஸ் வாங்கணும்டா மச்சான்"னு நம்ம ஹாஸ்டல் நண்பர்கள் சொல்றாங்க. வேணாம். பத்துக்குப் பத்து ரூம்ல, இந்த வெயில்ல, அந்த நாய்க்குக் குடுக்க நம்மகிட்ட வேலை இல்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்கும் ஓட இடம் வேணும். தெருக் குட்டி இந்த ஊருக்கே பிறந்தது.

நண்டுவோட கால் ஆறு வாரத்துல சரியாச்சு. இப்போ அதுக்குப் பதினோரு மாசம். பைப் இன்னும் மாடியில இருக்கு, தரையில படுத்துக்கிட்டு. நண்டு அதை நடந்தே தாண்டுது. ஞாயித்துக்கிழமை காலையில பீச் பக்கம் வர்றவங்க, தடுப்பூசி போட்ட குட்டியோட வாங்க. வீட்டுல உடையாத பழைய பிளைவுட் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, எங்களுது ஊறிப்போச்சு.