ஆல்பா அலை வணிகர்

நம் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் அண்மைக் காலமாகப் புதியதொரு வணிகர் கூட்டம் வந்து நிற்கின்றது. முன்னர் வந்தோர் அகராதியும் பயிற்சி நூலும் விற்றனர். இவர்களோ அலை விற்கின்றனர். ஆல்பா அலையை எழுப்பிவிட்டால் பிள்ளை தானே படிக்கும் என்பது இவர்தம் முழக்கம். அலோர் காஜாவைச் சூழ்ந்த தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டும் தந்தையொருவர், இருநாள் பயிற்சிக்குக் கடன் வாங்கிக் கட்டியதை நான் அறிவேன்.

மனித மூளையின் மின்னலையை முதன்முதல் பதிவு செய்தவர் செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. அவர் 1929இல் உலகறியச் செய்த ஆல்பா அலை வினாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 13 முறை துடிப்பது. கண்மூடி ஓய்ந்திருக்கையில் அது ஓங்கும். கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்கில் முனைந்தாலோ அடங்கும். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூசும் இதனை உறுதிப்படுத்தினர். கணக்குப் போடுகையில் தணியும் அலையைக் கணக்குக்கு மருந்தென விற்பவரை என்னென்பது!

அஃதிருக்க, அலை எங்கே பிறக்கின்றது? நரம்பணுவின் நுனியில் குளுட்டமேட் சுரந்தால் அடுத்த அணுவின் வாயில்கள் திறந்து சோடிய அயனிகள் உட்புகுகின்றன. காபா என்னும் பொருள் சுரந்தால் அவ்வணு அடக்கப்படுகின்றது. ஆயிரமாயிரம் அணுக்களில் ஒருங்கே எழும் இச்சிறு மின்னோட்டங்களின் கூட்டே மண்டையின் மேல் அலையாகத் தெரிகின்றது. நாம் விழித்துக் கருத்தூன்றுகையில் அசெட்டில்கோலின் மிகுந்து, பெரிய மந்த அலைகள் அகன்று சிறிய விரைவலைகள் தோன்றுகின்றன. புகையைக் கண்டு அடுப்பை அறியலாம். புகையை ஊதி உலையைக் கொதிக்க வைக்க இயலுமோ?

1952இல் விக்லர் என்பார் நாய்களுக்கு அட்ரோப்பின் செலுத்தினார். அஃது அசெட்டில்கோலினின் வேலையைத் தடுப்பது. நாய்கள் விழித்தேயிருந்தன, அலையோ உறக்கத்தின் அலை! அலையைக் கொண்டே அறிவை அளந்துவிடலாம் என்பார் இந்நாய்களுக்கு விடை சொல்லட்டும்.

"டில்லியில் நம் யோகிகளை ஆராயவில்லையா?" என நம் ஆசிரியரே சிலர் வினவுவர். ஆராய்ந்தனர். 1961இல் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், சமாதியில் அமர்ந்த யோகிகளின் ஆல்பா அலை, கடும் ஒளிக்கும் பேரோசைக்கும் கலையவில்லை. புறவுலகின் அழைப்புக்குச் செவிசாய்க்காத மூளை அது. கரும்பலகையை நோக்க வேண்டிய பிள்ளைக்கு வேண்டுவது அதுவா? யோகத்தை நான் பழிக்கவில்லை. நாள்தோறும் காலையில் மூச்சுப் பயிற்சி செய்பவனே யான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்கின்றது. உறக்கமே அதனைக் குறைக்கும். நள்ளிரவுவரை கைப்பேசியில் விழித்து, விடியுமுன் பேருந்தேறி, வெறும் வயிற்றோடு முதற்பாட வேளையில் கொட்டாவி விடும் பிள்ளைகளை நாம் காணாமலில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. ஆதலால் கேட்பாரும் குறைவு.

சென்ற ஆண்டு வணிகர் ஒருவர் எம்மிடம் மண்டபம் கேட்டு வந்தார். எந்த வேதிப்பொருளால் அவ்வலை எழும் என்றேன். வண்ணப்படம் ஒன்றை விரித்தார். யான் இசையவில்லை, பெற்றோர் சிலருக்கு என்மீது இன்னும் மனத்தாங்கல். அவர் அடுத்த ஊர்ப் பள்ளிக்குச் சென்றார். அங்கு நாற்காலி போதவில்லை என்று கேள்வி.