பெயர் வேண்டாம்

வானொலிக்கு வரும் நேயர்களின் தகவல்கள் இரண்டு வகை. பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு விருப்பம் என்றால் பெயர் முதல் ஆளாக வந்து நிற்கும். வேலை போய்விட்டது, கணவரோடு பேச்சுவார்த்தை இல்லை, மகன் சூதாட்டக் கடனில் மாட்டிக்கொண்டான் என்றால், "தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்" என்று முடியும். காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அந்த நாலு பேருக்குப் பயப்படாமல் மனக்குறையைச் சொல்ல சிங்கப்பூரில் ஓர் இடம் இருக்கிறது. தாம்சன் ரோட்டில் உள்ள புனித அல்போன்சஸ் ஆலயம். நொவீனா சர்ச் என்றால் உடனே புரியும். எம்ஆர்டி நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ஆலயத்தால்தான். 1951 முதல் அங்கே இடைவிடா சகாய மாதாவுக்கு நவநாள் வழிபாடு நடந்து வருகிறது. சனிக்கிழமைகளில் கத்தோலிக்கர்களோடு பிற சமயத்தவரும் வந்து உட்காருகிறார்கள்.

அந்த வழிபாட்டில் மக்கள் எழுதித் தரும் கடிதங்களை வாசிப்பார்கள். சில மன்றாட்டு, சில நன்றி. எழுதியவர் யார் என்று சொல்வதில்லை. நோய், வேலை, தேர்வு, குழந்தைப் பேறு, முறிந்துபோன உறவு என நம் வீடுகளில் இருப்பவைதான் அவற்றிலும் இருக்கும். கூடியிருப்பவர்கள் முகம் தெரியாத அந்த மனிதருக்காக வேண்டுகிறார்கள். இவர் ஒழுங்காகக் கோயிலுக்கு வருபவரா, தப்பு யார் மேல் என்று விசாரிக்க அங்கே வழியே இல்லை.

கடவுள் நம்மை எந்த நிபந்தனையும் இல்லாமல் நேசிக்கிறார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். கேட்பது வேறு, உணர்வது வேறு. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்ட ஒன்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர் பின்வரிசையில் இருக்கிறார் என்று வையுங்கள். தன் வரிகள் ஒலிபெருக்கியில் கேட்கின்றன. இத்தனை பேரும் தனக்காகத் தலை குனிகிறார்கள். வீட்டுக்குப் போனால் கடன் அப்படியேதான் இருக்கும். ஆனாலும், 'இது தெரிந்தால் எல்லோரும் என்னை ஒதுக்கிவிடுவார்கள்' என்ற பயம் அன்று கொஞ்சம் குறைந்திருக்கும். கடவுளின் அன்பு பலருக்கு இப்படி மனிதர்கள் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

அந்த மாதா படத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வரப்போகும் துன்பங்களைக் கண்டு பயந்து குழந்தை இயேசு தாயிடம் ஓடி வந்ததாகச் சொல்வார்கள். வந்த வேகத்தில் ஒரு காலின் செருப்பு கழன்று தொங்குகிறது. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வா என்று தாய் திருப்பி அனுப்பவில்லை. பிஞ்சுக் கைகள் இரண்டும் அவர் கையைப் பற்றியிருக்கின்றன.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாதவரிடம் அன்பு காட்டுவது ஓரளவு சுலபம். அதே கடிதத்தை எழுதியவர் நம் ஜெபக்குழுவில் பாடுபவர், நம் கோயிலில் அன்னதானம் பரிமாறுபவர் என்று தெரிந்தால்? அப்போதும் அதே மனத்தோடு வேண்டுவோமா, இல்லை வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குச் சொல்லிவிடுவோமா? சிலர் கஷ்டம் வந்ததும் வழிபாட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் கடவுளுக்கு அல்ல, நமக்கு.

உங்கள் கோயிலிலோ சர்ச்சிலோ சில வாரங்களாகக் கண்ணில் படாத ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரைக் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். "சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குங்கள். பேச நினைப்பதை அவரே பேசட்டும். கேட்டது உங்களோடு இருக்கட்டும்.