பழைய காரின் வரைபடம் யாருக்குச் சொந்தம்?

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம் ஒருகாலத்தில் கார்கள் பிறந்தன. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் அங்கே ஹெரால்டு காரைச் செய்தது. 1972-இல் கெஸல் வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000. கடைசியாக வந்த கார் மூன்றே ஆண்டில் நின்றது, அதோடு கார் உற்பத்தியும் நின்றது. ஸ்டாண்டர்டு 2000 என்பது பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் இந்திய வடிவம். அதற்காக வாங்கி அடுக்கிய உதிரிபாகங்கள் யாருக்கும் பயன்படாமல் கிடங்கிலேயே கிடந்தன. பல ஆண்டு கழித்து ஆலை ஏலத்துக்கு வந்தபோது அவற்றை மொத்தமாக வாங்கிக்கொண்டது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அங்கே எஸ்டி1 வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்காமல் இருந்த பாகங்கள் மீண்டும் கடைக்கு வந்தன.

வாங்கியவர்கள் மேல் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அந்த இரும்பின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே அது காலி செய்ய வேண்டிய சரக்காகத்தான் தெரிந்தது. இந்தியாவில் பழைய கார் ஒன்றை ஓட்டும் நிலையில் வைத்திருக்க நினைப்பவர் இன்று படும் பாட்டுக்கு வேர் இந்த அலட்சியத்தில் இருக்கிறது.

அந்தப் பாடு பெரும்பாலும் ஓர் எண்ணெய்த் துளியில் தொடங்கும். நிறுத்திவைத்த ஹெரால்டின் பின்பக்கம் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். டிஃப்பரன்ஷியலில் உள்ள பினியன் ஆயில் சீல் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினால் கேள்வி ஒன்றுதான்: “சாம்பிள் இருக்கா சார்?” காரின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பழைய சீலை மேசைமேல் வைத்தால் எடுத்து அளவு பார்ப்பார்.

அவர் கேட்பது சரியான கேள்வி. ஆயில் சீலுக்குக் காரின் பெயர் தேவையில்லை. மூன்று அளவுகள் போதும். உள்ளே சுழலும் ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், சீலின் தடிமன். 35-52-7 என்று அதன் முதுகிலேயே மில்லிமீட்டரில் அச்சடித்திருப்பார்கள். அந்த மூன்று எண்ணும் பொருந்தினால் டிராக்டருக்கு வந்த சீலும் காருக்கு உட்காரும். ரப்பரின் வகையும், உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் சரியாக இருந்தால் போதும். உலகம் முழுவதும் அளவுகளைப் பொதுவாக வைத்துக்கொண்டதால்தான் அறுபது ஆண்டுப் பழைய காருக்கு இன்றும் சில நூறு ரூபாயில் எண்ணெய் ஒழுகுவதை நிறுத்த முடிகிறது.

இந்தச் சிறு வளையத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஜெர்மனியின் வைன்ஹைம் ஊரில் 1849-இல் தோல் பதனிடும் தொழிற்சாலையாகத் தொடங்கியது ஃபிராய்டன்பெர்க் நிறுவனம். அதன் முதல் ஆயில் சீல்கள் தோலால் ஆனவை. 1930-களின் தொடக்கத்தில் வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர், உலோகக் கூட்டுக்குள் அடைத்த சீலை அங்கே உருவாக்கினார். அவர் பெயரிலேயே அது விற்பனைக்கு வந்தது. தோல் இருந்த இடத்தில் பிறகு செயற்கை ரப்பர் வந்தது. இன்றைய சீலிலும் அமைப்பு பெரிதாக மாறவில்லை. வெளியே இரும்புக் கூடு, உள்ளே ஷாஃப்டைத் தொடும் மெல்லிய உதடு, அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு சுருள்கம்பி.

ஆனாலும் அளவு மட்டும் பார்த்து வாங்குபவர் இரண்டாம் முறையும் கடைக்கு வர நேரிடும். ஹெரால்டு பிரிட்டிஷ் கார். அதன் அளவுகள் அங்குலத்தில். ஒன்றரை அங்குல ஷாஃப்ட் என்பது 38.1 மில்லிமீட்டர். அதில் 38 மில்லிமீட்டர் சீலை மாட்டினால் உதடு சமாளித்துக்கொள்ளும். வெளிப்புறத் துளை இரண்டேகால் அங்குலமாக, அதாவது 57.15 மில்லிமீட்டராக இருந்து, அதில் 57 மில்லிமீட்டர் சீலைத் தட்டி உட்காரவைத்தால் அது இறுகாது. எண்ணெய் உதட்டுப் பக்கம் நின்றாலும் முதுகுப் பக்கம் கசியும். மெக்கானிக் திறமையில்லாதவர் என்று பெயர் வாங்குவார். தவறு அவருடையதல்ல, 0.15 மில்லிமீட்டருடையது.

அடுத்தது ஷாஃப்ட். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ரப்பர் உதடு உரசி உரசி இரும்பிலேயே பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடிப் பார்த்தால் தெரியும். அந்தப் பள்ளத்தின்மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் ஒழுகும். மெல்லிய எஃகு உறை ஒன்றை ஷாஃப்டின்மேல் ஏற்றலாம். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கலாம். நல்ல லேத் பட்டறையில் குரோம் பூசி அரைத்து வாங்கலாம். மூன்றுமே நம் ஊரில் நடக்கிற வேலைகள்தாம். அந்தப் பள்ளத்தைவிட ஆபத்தானது, ‘பழைய ஒரிஜினல்’ என்று பெட்டி பிரிக்காமல் கிடைக்கும் சீல்மேல் வைக்கும் நம்பிக்கை. இரும்புப் பாகம் அலமாரியில் நாற்பது ஆண்டு கிடந்தாலும் இரும்புதான். ரப்பர் அப்படியில்லை. பெட்டிக்குள்ளேயே இறுகி வெடித்துவிடும். சாதாரண நைட்ரைல் ரப்பரில் புதிதாகச் செய்த சீல், பெயர்பெற்ற பழைய பெட்டியைவிட நிச்சயமாக நல்லது. கிராங்க் ஷாஃப்ட் போல அதிகம் சூடேறும் இடத்துக்கு, 200 டிகிரி வரை தாங்கும் வைட்டான் வகை இருக்கிறது.

இதெல்லாம் ஒழுகும் எண்ணெய்க்காகவா என்று கேட்கலாம். அம்பாசடர் போன்ற காரில் பின் ஆக்சில் முனையிலுள்ள சீல் போனால் கியர் ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் இறங்கும். பிரேக்கை மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் திருப்பும் டிரன்னியன் என்ற பித்தளை இணைப்புக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம்தான் காவல். அதற்குள் இருக்க வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். எண்ணெய் வற்றினால், அல்லது தெரியாமல் யாரோ கிரீஸை அடைத்துவைத்தால், திருகுமரை தேய்ந்து இறுகி ஒருநாள் முறியும். ஓடும் காரின் முன்சக்கரம் மடங்கும். பாகம் கிடைக்கவில்லை என்பது பொழுதுபோக்கின் சிறு சங்கடம் அல்ல. சாலையில் அந்தக் காருக்குள் இருப்பவர்களின் உயிரும், எதிரே வருபவர்களின் உயிரும் இதில் இருக்கின்றன.

சீல்வரை ஒருவழியாகச் சமாளிக்கலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸும் அப்படித்தான். கப்பின் விட்டமும் நீளமும் பொருந்தினால் வேறு வண்டியின் கிராஸ் உட்காரும். கிளட்ச் பிளேட்டுக்குப் புதிய லைனிங் அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பேரிங் என்றால் எண்ணைச் சொன்னால் போதும். இவற்றுக்கெல்லாம் பொது அளவு உண்டு, அதனால் பிழைத்தன. அதைத் தாண்டி கியர்பாக்ஸுக்குள்ளும் டிஃப்பரன்ஷியலுக்குள்ளும் போனால் கதை மாறுகிறது.

கிரவுன்–பினியனை எடுத்துக்கொள்வோம். என்ஜினிலிருந்து வரும் சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் ஜோடி இது. வளைந்த பற்கள், அதற்கென்றே உள்ள இயந்திரத்தில் வெட்டப்படுபவை. வெட்டியபின் மேற்பரப்பு மட்டும் கடினமாகும்படி சூட்டுப் பதம் கொடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்துப் பொருத்துவார்கள். ஜோடியாகப் பிறந்ததை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் லேத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. பல்லின் கோணம், எஃகின் கலவை, கடினத்தின் ஆழம் எல்லாம் தெரிய வேண்டும். தேய்ந்த பல்லை அளந்து பார்த்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். உண்மையான அளவு வரைபடத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. 1959 முதல் 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் விற்றன. அதே அடிச்சட்டத்திலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. பாகங்களை மறுஉருவாக்கம் செய்வதே தொழிலான நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னைக்காரரும் அங்கிருந்து வரவழைக்கலாம். கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்து விலை பலமடங்காகும். வந்தபின்னும் சிக்கல் தீராது. பிரிட்டனின் முதல் 948 சிசி ஹெரால்டில் பல் விகிதம் 4.875, கடைசி ஸ்பிட்ஃபயர் 1500-இல் 3.63. சின்ன என்ஜினுக்கு அந்த ஜோடியை மாட்டினால் ஏற்றத்தில் கார் திணறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். இந்தியாவுக்கென்றே செய்த நான்கு கதவு ஹெரால்டின் கதவுகளும், தனியாகத் துள்ளும் பின்சக்கரங்கள் இங்கே பிடிக்காமல் போனதால் கெஸலுக்குக் கொடுத்த ஒரே துண்டான ஆக்சிலும் பிரிட்டிஷ் விலைப்பட்டியலில் கிடையாது. அவை மதராஸில் மட்டுமே செய்யப்பட்டவை.

சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் இன்னும் சிலது சிக்கும். கழற்றிய இரும்பு நிறைந்த அந்தக் கடைகளில் எந்தப் பாகம் எந்தக் காருக்குச் சேரும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். டெல்லி காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களுடைய அறிவு பெரியது, எங்கும் எழுதிவைக்கப்படாதது. ஆனால் ஒரு கார் வாழ வேண்டுமானால் இன்னொரு காரை உடைத்தாக வேண்டும் என்ற நிலை நீண்ட நாள் தாங்காது.

வெளிநாட்டு நிறுவனங்கள் வேறு வழியைக் காட்டியிருக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் 1975-இல் தொடங்கப்பட்டது. 1988 முதல் எம்ஜிபி காரின் முழு உடற்கூட்டையே புதிதாக அடித்துக் கொடுக்கிறது. டொயோட்டா தன் 2000ஜிடி காருக்கு 2020-இல் கியர்பாக்ஸ், டிஃப்பரன்ஷியல் பாகங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது. அந்தக் கார் மொத்தம் செய்யப்பட்டதே 337. போர்ஷே தன் 959 மாடலின் கிளட்ச் ரிலீஸ் லீவரை முப்பரிமாண அச்சில் உருவாக்கிக் கொடுத்தது. இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு அச்சு வார்ப்பதில் லாபம் பெரிதாக இருக்காது. வரைபடமும் அளவும் பத்திரமாக இருந்தால் இது முடியும்.

இந்தியாவில் அரசு பழைய காரை அங்கீகரித்திருக்கிறது. பாகத்தை நினைத்துப் பார்க்கவில்லை. 2021-இல் வந்த விதிகள்படி 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம். எண்பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டமும் உடலும் என்ஜினும் மூல வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூல வடிவைக் கேட்கும் சட்டம், அந்த வடிவின் அளவுகள் எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: ஒரு மாடலின் உற்பத்தி நின்று இருபது ஆண்டு ஆனால், அதன் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் பாகங்களின் வரைபடங்களும் உலோகக் குறிப்புகளும் பொதுக் காப்பகத்துக்கு வந்தாக வேண்டும். புணேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. சென்னைக்கருகே ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வைக்க இடமும் படிக்கத் தெரிந்தவர்களும் அங்கே உண்டு. நிறுவனங்கள் அறிவுசார் உரிமை என்று மறுக்கலாம். இந்தியச் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு. பதிவுசெய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டு. ஹெரால்டுக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இவையெல்லாம் எப்போதோ முடிந்தவை. மீதமிருப்பது பூட்டிய அலமாரி மட்டுமே. போலிகள் பெருகும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் போலி இன்றே புழங்குகிறது. அளவு தெரியாமல் குத்துமதிப்பாகச் செய்யப்படுவதால்தான் அது ஆபத்தாகிறது.

இந்தக் கோரிக்கைக்கு அடித்தளம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள்மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் அதன்பின்னும் நீண்டன. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் வாகனங்களையும் தன் நான்கு துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இரண்டுமே இன்று விற்கும் வண்டிகளைப் பற்றியவை. அவற்றின் வரம்பை விற்று முடிந்த வண்டிகளுக்கும் நீட்ட வேண்டும்.

யாரிடமிருந்து தொடங்குவது என்பதும் தெளிவு. அம்பாசடர் என்ற பெயரை 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பெஜோ குழுமம். அது இப்போது ஸ்டெல்லாண்டிஸின் அங்கம். பத்மினியின் மூதாதையான ஃபியட் 1100-ஐ உருவாக்கிய ஃபியட்டும் அதே குடையின்கீழ் இருக்கிறது. இத்தாலியின் டுரினில் அந்நிறுவனம் பழைய கார்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்தி, லான்சியா டெல்டாவின் பம்பர்களைப் புதிதாகச் செய்து விற்றது. ஸ்டெல்லாண்டிஸுக்குத் திருவள்ளூரில் கார் ஆலையும் ஓசூரில் என்ஜின், கியர்பாக்ஸ் ஆலையும் உள்ளன. ஃபியட் 1100-இன் டிஃப்பரன்ஷியல் வரைபடங்களைக் கேட்டு முதல் கடிதத்தைத் தமிழ்நாட்டிலிருந்தே எழுதலாம். தொழில்துறையும் பழைய கார் சங்கங்களும் அதில் சேர்ந்தே கையெழுத்திடலாம்.