நீர் காக்கும் தொழில்

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்துள்ளது கீழச்சிவல்பட்டி. மாளிகைகளால் புகழ்பெற்ற செட்டிநாட்டு ஊர்களுள் அதுவும் ஒன்று. வற்றாத ஆறு பாயாத அந்நாட்டில் இத்தகைய ஊர்கள் எங்ஙனம் தழைத்தன? அங்கு வாழ்ந்தோர் மழையை எண்ணி ஊரமைத்தனர். குடிநீருக்கு ஊருணி, உழவுக்குக் கண்மாய் என நீர்நிலைகளை வகுத்தனர். கூரையில் விழுந்த மழைநீரை முற்றத்தில் அண்டாக்களில் பிடித்து வைத்தனர். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வணிகம் செய்து ஈட்டிய பொருளைக்கொண்டு ஊருணி வெட்டுவதை அறமாகப் போற்றினர்.

குளம் வெட்டுதல் ஒருமுறை செய்யும் அறம். அதனைக் காத்தலோ நாள்தோறும் செய்யவேண்டிய தொழில். முற்காலத்தில் அதனை நீர்க்கட்டிகள் செய்தனர். வரத்துக்காலைச் செம்மை செய்வதும், மழையிரவில் கரையைக் காப்பதும், மடையைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவதும் அவர்தம் கடமைகள். ஊரார் உண்ட சோறு அவர்தம் விழிப்பால் விளைந்தது. எனினும், பல ஊர்களில் அத்தொழிலுக்கு உரிய மதிப்பு கிட்டவில்லை. அக்குறை இன்றும் தொடர்தல் தகாது.

நீர்வள மேலாண்மை இன்று தனியொரு கல்வித்துறை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனி மையம் உண்டு. தமிழக அரசும் 2021ஆம் ஆண்டில் நீர்வளத்திற்கெனத் தனித்துறை அமைத்தது. ‘குளத்தைத் தூர்வாரப் படிப்பு எதற்கு?’ என்று சிலர் வினவுவர். ஆழத் தோண்டினாலே நீர் பெருகிவிடும் என்று எண்ணுவது அறியாமை. வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எத்துணை ஆழ்ந்த குளமும் வறண்டே கிடக்கும். ஊருணியின் அடியில் நீரைத் தாங்கும் களிமண் படுகையை வெட்டிவிட்டால், தேங்கிய நீரும் நிலத்துள் இறங்கிவிடும். மடையினும் தாழத் தோண்டினால், அப்பள்ளத்து நீர் வயலை எட்டாது. எங்கே தோண்டுவது, எங்கே நிறுத்துவது என்பதை மண்ணறிவும் கணக்கறிவும் உடையாரே உரைக்க வல்லார்.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் ஆணையிடும், அடைபட்ட குழாயைத் திறக்க அது வாராது. அதற்கு அறிவும் அக்கறையும் உடைய மனிதர் வேண்டும்.

மாணவர்களே! மருத்துவர் நோயுற்றவரைக் காக்கின்றார். நீர் காப்பவர் ஊரார் நோயுறாமலே காக்கின்றார். இத்தொழிலில் பெருஞ்செல்வம் குவியாது என்பது மெய்யே. வரத்துக்காலை மறித்து வீடு கட்டினோரின் பகையும் சில வேளைகளில் நேரும். ஆயினும், ஒருவர் பகைக்கு அஞ்சி ஓர் ஊரின் தாகத்தை மறத்தல் அறமாகுமா? செட்டிநாட்டு மூத்தோர் கடல்கடந்து சென்று பொருளோடு மீண்டனர். நீங்கள் நகரங்களுக்குச் சென்று கல்வியோடு மீளுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் எவ்வழியே வருகின்றது என்பதை இன்றே நடந்து சென்று காணுங்கள். அதுவே இத்தொழிலின் முதற்பாடம்.