செம்மரமும் சங்கத்தின் கடமையும்

கொருக்குப்பேட்டையில் குடியிருப்போருக்குச் சரக்கு ரயிலும் துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரியும் புதியவை அல்ல. அத்தகைய கண்டெய்னர்களில் வேறு சரக்கின் பெயரால் மறைத்து வைத்த செம்மரக் கட்டைகள் பிடிபட்டன என்ற செய்தியைப் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம். "இது கள்ளக் கடத்தல் விவகாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அப்படிப் புரட்டிவிடுவது சரியன்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். செம்மரம் நம் அங்கத்தினர்கள் சட்டப்படி பயிரிடக்கூடிய மரம். அதற்குச் சங்கம் துணை நிற்பது அவசியம்.

நம் வீட்டுக் குழந்தைகள் விளையாடிய மரப்பாச்சி பொம்மை இம்மரத்தில் கடைந்ததே. உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஒன்றுதான். கடப்பை, சித்தூர்க் காடுகள் அதில் முக்கியமானவை. சந்தனத்தைப் போன்ற மணம் இதற்கு இல்லை. வைரத்தின் செந்நிறமே இதன் செல்வம். கும்பினிக் கப்பல்கள் நம் முன்னோர் நெய்த துணியோடு இக்கட்டையையும் சென்னைக் கரையிலிருந்து ஏற்றிச் சென்றன. ஐரோப்பாவில் அது கம்பளிக்குச் சாயமாயிற்று. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலட் நெசவாளரைக் குடியமர்த்திய காலடிப்பேட்டை, நமக்கு அடுத்த திருவொற்றியூரில் அவர் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. தறிக்கும் இம்மரத்துக்கும் பழைய உறவு உண்டு.

அந்தச் செல்வமே பின்னர் சாபமாயிற்று. காடு மொட்டையாவதைக் கண்டு, 1995இல் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் இதன் வாணிபம் கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் கள்ள வெட்டு நிற்கவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 கூலித் தொழிலாளர்கள் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். கட்டையின் லாபம் எங்கோ போயிற்று. உயிர் போனது ஏழைக்கு. பட்டா நிலத்திலே நேர்மையாக விளையக்கூடிய ஒரு பொருளுக்காக இப்படி மனிதர் மடியலாமா?

நேர்வழி இப்போது திறந்திருக்கிறது. பட்டா நிலத்தில் பயிரிட்ட செம்மரத்தை உரிய அனுமதியுடன் ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2019இல் இடமளித்தது. 2025இல் தேசிய பல்லுயிர் ஆணையம், வணிகப் பயன்பாட்டால் கிடைத்த பங்குத்தொகையிலிருந்து 55 லட்சம் ரூபாயைச் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகளுக்கு வழங்கியது. அவர்கள் நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தார் என்பது கவனிக்கத்தக்கது. "நகரத்தில் மரம் நட இடமேது?" என்று சிலர் கேட்கலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் மேட்டு நிலம் வைத்திருக்கும் அங்கத்தினர்களை எண்ணியே எழுதுகிறேன்.

வளர்ப்பு முறை கடினமானதன்று. நெல் விளையும் நிலத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம். நீர் தேங்காத செம்மண், சரளை மண் நிலமே ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். விதை உறை கடினமானது. சாணக் கரைசலிலோ நீரிலோ மூன்று நாள் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும். ஓராண்டுக் கன்றை ஒன்றரை அடிக் குழியில், நான்கு மீட்டர் இடைவெளியில், மழைக்கால ஆரம்பத்தில் நட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுத்து, கோடையில் நீர் விட்டு, ஆடு மாடு மேயாமல் காத்தால் போதும். பிறகு வறட்சியைத் தாங்கும். வெட்டிய அடிமரமும் மறுபடி துளிர்க்கும்.

ஆனால் பொறுமை வேண்டும். வைரம் ஏற இருபத்தைந்து முப்பது ஆண்டுகளாகும். "பத்தாண்டில் கோடீஸ்வரர்" என்று கன்று விற்பவரை நம்பிக் கடன் வாங்கவேண்டாம். இது லாட்டரிச் சீட்டு அன்று. பேரப்பிள்ளைகளுக்கு வைக்கும் வைப்புநிதி.

மண்ணைவிடக் காகிதமே இங்குப் பெரிய இடர். எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் நட்ட ஆண்டைக் காட்ட ஒரு சீட்டும் வைத்திருக்கவில்லை. தம் நிலத்து மரத்தையே தமது என்று நிரூபிக்க அலைந்து சலித்து, தரகர் சொன்ன விலைக்குத் தலையசைத்தார். தனி ஒருவராக நின்றதன் பலன் அது.

ஆகவே சங்கம் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும். முதலாவது, நட்ட ஆண்டிலேயே மரங்களை அடங்கலில் பதிவு செய்வித்து, அதன் நகலைச் சங்கத்தில் பாதுகாப்பது. இரண்டாவது, நம்பகமான கன்றுகளை வனத்துறை வாயிலாகச் சேர்ந்து பெறுவது. மூன்றாவது, வெட்டும் காலம் வரும்போது அனுமதியும் போக்குவரத்துச் சீட்டும் கூட்டாகப் பெற்று, கூட்டாகவே விற்பது.

தனி நூல் அறும். பாவாகச் சேர்ந்தால் துணியாகும். இதை நெசவாளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விஷயம் விவாதத்துக்கு வரட்டும். நம் மரமும் ஒருநாள் இதே கொருக்குப்பேட்டை வழியாகத் துறைமுகம் செல்லட்டும். மறைந்து அல்ல, உரிய சீட்டோடு பகிரங்கமாகவே.