பொய்த்தது யாருடைய கணிப்பு?

அமெரிக்க பேஸ்பாலைப் பற்றி எழுதுவோர் அலுக்காமல் தயாரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. வானளாவப் புகழப்பட்டு, முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறகு சோபிக்காமல் போனவர்களின் பட்டியல் அது. 'பஸ்ட்' என்பது அவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர். 'புஸ்வாணம்' என்று நாம் சொல்வதற்கு நெருக்கமான சொல். இந்தப் பட்டியல் நேர்மையற்றது என்பதே எங்கள் வாதம். தவறு நிகழ்ந்தது உண்மைதான். ஆனால் தவறு செய்தவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். 1965 முதல் மேஜர் லீக் பேஸ்பாலில் 'டிராஃப்ட்' என்ற முறை இருந்துவருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் இளைஞர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை என்பது நெடுங்காலம் இருந்த விதி. 2023 முதல் தொடக்க இடங்களுக்குக் குலுக்கல் உண்டு. அணி இளைஞரைத் தேர்ந்தெடுக்கலாம். இளைஞர் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிடிக்காவிட்டால் கையெழுத்திட மறுத்துப் பின்னொரு ஆண்டின் தேர்வுக்குக் காத்திருக்கலாம், அவ்வளவே. ஊர் ஊராகச் சென்று ஆட்டம் பார்க்கும் ஸ்கவுட்டுகள், அணி நிர்வாகிகள், பத்திரிகைக்காரர்கள் ஆகியோரே எதிர்பார்ப்பை உருவாக்குகிறார்கள். அது பொய்த்தால் மட்டும் கணக்கு அந்த இளைஞரின் பெயரில் எழுதப்படுகிறது. கடன் வாங்கியவர் ஒருவர், கடனாளி என்று பெயரெடுப்பவர் மற்றொருவர்.

டேவிட் கிளைட்டின் கதையைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டின் முதல் தேர்வு அவர். ஹ்யூஸ்டன் பள்ளி ஒன்றில் பந்தெறிந்துகொண்டிருந்த 18 வயது இடக்கைக்காரர். அவரை எடுத்த டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ், வாஷிங்டனிலிருந்து இடம்பெயர்ந்து இரண்டாவது பருவத்தில் இருந்தது; அரங்கம் காற்றாடியது. எந்தப் பந்தெறிபவரும் மைனர் லீகில் சில ஆண்டுகள் பயின்ற பிறகே மேலே வருவது வழக்கம். கிளைட்டோ பள்ளிப் படிப்பை முடித்த 20ஆம் நாள், ஜூன் 27 அன்று, நேராக மேஜர் லீக் மேடையில் நிறுத்தப்பட்டார். 35,000 பேருக்கு மேல் திரண்டனர். ஆர்லிங்டன் அரங்கம் முழுமையாக நிறைந்தது அன்றுதான் முதல்முறை. 5 இன்னிங்ஸ் வீசினார். 7 பேரைப் பந்தடிக்காமலேயே நடக்கவிட்டார். ஆனாலும் அணி வென்றது. இரண்டொரு ஆட்டங்களுக்குப் பின் அவரை மைனர் லீகுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது பயிற்சியாளர் வைட்டி ஹெர்சாகின் கருத்து. உரிமையாளர் பாப் ஷார்ட் இசையவில்லை. அந்த இளைஞர் எறியும் நாளில் டிக்கெட் விற்கிறதே, எப்படி அனுப்புவார்?

பயிற்சியின்றி எரிந்து தீர்ந்த கிளைட், தோள் காயங்களோடு 1979இல், 24 வயதில், மேஜர் லீகைவிட்டு வெளியேறினார். 18 வெற்றிகள், 33 தோல்விகள். ஆட்டக்காரர் ஓய்வூதியத்துக்கு அன்றிருந்த விதிப்படி நான்காண்டுப் பணி வேண்டும். அவருக்கு 37 நாட்கள் குறைந்தன. பட்டியல்காரர்கள் இவரைத்தான் 'எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர்' என்கிறார்கள். அரங்கை நிரப்புவதே எதிர்பார்ப்பு என்றால், அதை அவர் முதல் நாளே நிறைவேற்றிவிட்டார். நிறைவேறாதது ஓர் இளைஞரை ஆளாக்கிவிடும் கடமை. அது அவருடையதன்று.

1966இல் நியூயார்க் மெட்ஸ் முதலில் எடுத்தது ஸ்டீவ் சில்காட் என்ற கேட்சரை. அடுத்த இடத்தில் கேன்சஸ் சிட்டி அத்லெடிக்ஸ் எடுத்தது ரெஜி ஜாக்சனை. ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் அடித்துப் புகழரங்கம் புகுந்தார். சில்காட் 1967இல் இரண்டாம் தளத்துக்குத் திரும்பப் பாய்ந்தபோது தோளைக் காயப்படுத்திக்கொண்டார். மேஜர் லீகை எட்டாமலே 1972இல் விடைபெற்றார். 1991இல் யாங்கீஸ் எடுத்த பிரையன் டெய்லரும் மேஜர் லீகை எட்டவில்லை. எளிய குடும்பத்துப் பிள்ளை. அணி முதலில் நீட்டிய 3 லட்சம் டாலரைத் தாய் ஏற்க மறுத்துப் போராடி, 15.5 லட்சம் டாலர் பெற்றுத் தந்தார். 1993 டிசம்பரில், தன் சகோதரருக்காகப் போய் மாட்டிக்கொண்ட கைகலப்பில் டெய்லரின் எறியும் தோள் கிழிந்தது. பிறகு அந்த வேகம் திரும்பவேயில்லை. தசைநார் கிழிந்தது எந்த அறநூலின்படி தோல்வி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

இதே கணிப்பு எதிர்த்திசையில் தவறும்போது நடப்பதைக் கவனியுங்கள். 1988இல் மைக் பியாசா 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதுவும் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா குடும்ப நண்பர் என்பதால் கிடைத்த சலுகை. 427 ஹோம் ரன்களோடு 2016இல் அவர் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்டார். இதை 'அதிசயம்' என்கிறார்கள். 1,389 முறை அவரைத் தாண்டிச் சென்றவர்களின் கண்ணில் கோளாறு என்று ஏன் சொல்வதில்லை? சில்காட்டை முதலில் எடுத்ததும் பியாசாவைக் கடைசியில் எடுத்ததும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒன்று இளைஞரின் குற்றமாகிறது, மற்றொன்று தேவதைக் கதையாகிறது. கணித்தவர் இரண்டு இடத்திலும் தப்பிவிடுகிறார்.

மறுப்புகள் வரும். 'லட்சக்கணக்கில் பணம் வாங்கினார்களே' என்பது முதலாவது. முதல் சில இடங்களில் வருவோருக்கு அது உண்மை. ஆனால் பணம் கொடுத்தவர் ஒரு சூதில் பந்தயம் கட்டினார். பந்தயம் தோற்றால் குதிரையைத் திட்டுவது பழைய வழக்கமே தவிர நியாயமன்று. கீழே இருந்தவர்களின் நிலையோ வேறு. மைனர் லீக் ஆட்டக்காரர்கள் குறைந்தபட்ச ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கை முடிக்க, 2022இல் மேஜர் லீக் பேஸ்பால் 18.5 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

'தாங்களே தங்களைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டே' என்பது இரண்டாவது மறுப்பு. உண்டு. 2004இன் முதல் தேர்வான மாட் புஷ், 2012இல் குடித்துவிட்டு வண்டியோட்டி ஒரு முதியவரைப் படுகாயப்படுத்திச் சிறை சென்றார். குற்றம் குற்றமே; அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது நீதிமன்றத்தின் பட்டியலில் இருக்க வேண்டியது. ஒருவரின் குற்றத்தையும் இன்னொருவரின் தோள் காயத்தையும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்குவது, மனிதர்களைப் பண்டமாக மட்டுமே பார்க்கும் கண்ணுக்குத்தான் சாத்தியம்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பெர்னார்ட் மாலமுட் 1952இல் எழுதிய 'தி நேச்சுரல்' நாவலின் நாயகன் ராய் ஹாப்ஸ், பெரும் எதிர்பார்ப்போடு புறப்பட்டு, 19 வயதில் சுடப்பட்டு, நடுவயது நெருங்கும்போது ஆட்டத்துக்குத் திரும்புகிறவன். நாவலின் முடிவில் அவன் அடிக்க முடியாமல் தோற்கிறான். 1984இல் வந்த திரைப்படத்தில் வான வேடிக்கையோடு ஹோம் ரன் அடிக்கிறான். தோற்றவனோடு உட்கார்ந்திருக்க நாவலாசிரியரால் முடிந்தது. திரையரங்கை நிரப்ப வேண்டியவர்களால் முடியவில்லை.

மார்க் அப்பெல் விஷயத்தில் நடந்ததும் இதுவே. 2013இல் ஹ்யூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதலில் எடுத்த பந்தெறிபவர் அவர். அடுத்த இடத்தில் எடுக்கப்பட்ட கிரிஸ் பிரையண்ட் 2016இல் தேசிய லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரரானார். அப்பெலோ காயங்களாலும் சோர்வாலும் 2018இல் ஆட்டத்தை விட்டு விலகினார். 'வரலாற்றிலேயே பெரிய புஸ்வாணம்' என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. 2021இல் திரும்பிவந்து, 2022 ஜூன் 29 அன்று, 30 வயதில், ஃபிலடெல்ஃபியா அணிக்காக மேஜர் லீகில் அறிமுகமானார். அந்தப் பருவத்தில் 6 ஆட்டங்கள். உடனே எல்லோரும் நெகிழ்ந்து எழுதினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 6 ஆட்டங்கள் வாய்த்திராவிட்டால் அவர் எதில் குறைந்திருப்பார்? மன்னிப்பும் அதே தராசில்தான் நிறுக்கப்பட்டது.

ஆண்டுதோறும் ஜூலையில் இப்போது டிராஃப்ட் நடக்கிறது. இன்னும் சில இளைஞர்கள் தொப்பி அணிந்து புகைப்படத்துக்கு நிற்பார்கள். அவர்களில் சிலரைப் பற்றிய பட்டியல் பத்தாண்டுகள் கழித்து எழுதப்படும். எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு வரியிலும், யார் தேர்ந்தெடுத்தார், என்ன கண்டு தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்த பின் என்ன செய்தார் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். 1973க்கு நேராக முதலில் வர வேண்டிய பெயர் பாப் ஷார்ட்.